காற்று உலராமல் டார்ச்சைத் தொடாதீர்கள்

பிளாஸ்மா கட்டரைப் புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் கையைப் பழக்கத்தான் அவசரப்படுகிறார்கள். கோடு நேராக வருகிறதா, கை நடுங்குகிறதா, வேகம் போதுமா என்றே யோசனை ஓடுகிறது. இந்த அத்தியாயம் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, காற்றை முன்னால் வைக்கிறது. கேரளத்தின் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் கேட், கிரில், கூரை டிரஸ் வேலை செய்கிற ஒருவர் இந்தக் கருவியில் சலித்துப்போய் மறுபடியும் கிரைண்டரைக் கையில் எடுத்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அவர் கையை அல்ல. கம்ப்ரசரிலிருந்து டார்ச்சுக்கு வரும் ஈரக்காற்றை. கை ஒரு வாரத்தில் பழகிவிடும். ஈரக்காற்று எத்தனை வாரமானாலும் பழகாது. அதனால் முதல் நாள் முழுவதையும் காற்றுக் குழாய்க்குக் கொடுங்கள். டார்ச் இரண்டாம் நாள் போதும்.

தேவையான அளவு தத்துவம்

டார்ச்சின் உள்ளே ஒரு செம்பு எலக்ட்ரோடும், அதைச் சுற்றி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள நாசிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே எழுந்து தகட்டுக்குத் தாவும் மின்வில் வழியாக அழுத்தக் காற்று போகும்போது, அது 20,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, மின்சாரம் கடத்தும் வாயுவாக, அதாவது பிளாஸ்மாவாக, மாறித் துளை வழியே பாய்கிறது. தகடு உருகுகிறது, உருகியதை அதே காற்று கீழே ஊதித் தள்ளுகிறது. கேஸ் கட்டிங்கில் ஆக்சிஜன் இரும்பை எரித்து வெட்டுகிறது, ஆகவே எஸ்.எஸ்., அலுமினியம் இரண்டும் அதற்கு வசப்படுவதில்லை. பிளாஸ்மா உருக்கி வெட்டுவதால் மின்சாரம் கடத்துகிற எந்த உலோகத்தையும் வெட்டும். இங்கே காற்றுக்கு மூன்று வேலை என்பதைக் கவனியுங்கள்: பிளாஸ்மாவாக மாறுவது, உருகலை ஊதித் தள்ளுவது, டார்ச்சைக் குளிர்விப்பது. காற்று கெட்டால் மூன்றும் ஒன்றாகக் கெடும்.

எலக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு துணுக்கு பதிக்கப்பட்டிருக்கும். மின்வில் அதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் அது கொஞ்சம் தேயும், இது இயல்பு. தண்ணீரும் எண்ணெயும் கலந்த காற்று அந்தத் தேய்மானத்தைப் பல மடங்காக்குகிறது, நாசில் துளையையும் அரித்து ஓவலாக்குகிறது. இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் ராபர்ட் கேஜ் 1957இல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது, ஆர்கான், நைட்ரஜன் போன்ற வாயுக்களைக் கொண்டே வெட்டினார்கள். சிலிண்டரில் வரும் வாயு உலர்ந்தே வரும். பிறகு சாதாரணக் காற்றையே பயன்படுத்தலாம் என்றானபோது செலவு இறங்கியது. கூடவே உலர்த்தும் பொறுப்பு வெட்டுகிறவர் தலையில் வந்து விழுந்தது. கடையில் மெஷினை விற்பவர் இந்தப் பொறுப்பைப் பற்றி அநேகமாக வாய் திறப்பதில்லை.

ஊரின் ஈரம், ஒரு கணக்கு

நெய்யாற்றின் கரையை ஒட்டிய வட்டாரம் இது. பூவார் கடலும் தூரமில்லை. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷம் எனும் வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்கின்றன. 30 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருப்பது இங்கே சாதாரண நாள். அப்படிப்பட்ட காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை 7 பார் அழுத்தத்துக்கு அமுக்கி, மறுபடியும் 30 டிகிரிக்கு ஆறவிட்டால், அந்த ஒரு கன மீட்டர் காற்று தன்னுள் வைத்துக்கொள்ளக்கூடியது 4 கிராமுக்கும் குறைவு. மீதி 20 கிராம் தண்ணீராகக் கொட்டியே தீரும். 40 ஆம்பியர் மெஷின் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 140 லிட்டர் காற்று குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், டார்ச் தொடர்ந்து ஓடும்போது மணிக்கு 170 மில்லி தண்ணீர். 6 நிமிடம் வெட்டி 4 நிமிடம் விடுவதாகப் பார்த்தாலும் 100 மில்லி. 35 டிகிரி வெப்பமும் 35 சதவீத ஈரப்பதமும் உள்ள வறண்ட ஊரில் இதே கணக்கைப் போட்டால் பாதிகூட வராது. ஆகவே அங்கே ஒருவர் எந்த ஏற்பாடும் இல்லாமல் நன்றாக வெட்டுகிறார் என்பது இங்கே உங்களுக்குச் சான்றாகாது.

இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு, மெஷினின் பின்னால் ஒரு ஃபில்டர் கிண்ணம் மாட்டித்தானே தருகிறார்கள் என்பது. தருகிறார்கள். அந்தக் கிண்ணம் பிடிப்பது துளியாகிவிட்ட தண்ணீரை மட்டும்; ஆவி அதன் வழியே தடையில்லாமல் போய்விடும். கம்ப்ரசர் தொடர்ந்து ஓடும்போது டேங்க் கையை வைக்க முடியாதபடி சுடுகிறது. சூடான காற்று அதிக ஆவியைச் சுமக்கும். குட்டையான ஹோஸ் வழியாக அது சூடாகவே ஃபில்டரைத் தாண்டி, மெஷினுக்குள்ளும் டார்ச் கேபிளுக்குள்ளும் ஆறி, அங்கேதான் துளியாகிறது. கிண்ணத்தில் தண்ணீர் சேராததைப் பார்த்துக் காற்று உலர்ந்திருக்கிறது என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். ஆறவைத்த பிறகு வடிகட்ட வேண்டும். வரிசை மாறினால் ஃபில்டருக்கு வேலையே இல்லை.

இன்னொரு மறுப்பு: மழைக்காலம் போனால் சரியாகிவிடும், மலையாள மாதங்களான கும்பத்திலும் மீனத்திலும் தொல்லை இல்லை. குறையும், உண்மை. ஆனால் கேரளத்தில் வீட்டு மாடிக்கு டிரஸ் போடும் வேலை மழைக்கு முந்திய மாதங்களில்தான் குவிகிறது. மழை தொடங்கும்போது பாதி வேலை மிச்சம் இருக்கும். ஜூன் மாதம் கருவியை மூட்டை கட்டிவைக்க எந்த ஒர்க்‌ஷாப்புக்கும் கட்டுப்படியாகாது.

முதல் நாள்: காற்றுக் குழாய்

1. கம்ப்ரசரின் அளவைப் பாருங்கள். 40 ஆம்பியர் மெஷினுக்கு டார்ச் முனையில் 4 முதல் 5 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) காற்று, 4.5 முதல் 5.5 பார் அழுத்தத்தில், இடைவிடாமல் வேண்டும். உங்கள் மெஷினின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. பெயின்ட் அடிக்கும் 1 எச்.பி. கம்ப்ரசர் இதற்குப் போதாது. கம்ப்ரசர் தகட்டில் பொறித்திருக்கும் சி.எஃப்.எம். பெரும்பாலும் பிஸ்டன் உறிஞ்சும் அளவு. வெளியே வருவது அதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 எச்.பி. என்பதே தொடக்க அளவு.

2. கம்ப்ரசரை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கிரைண்டர் தூசியும் பெயின்ட் ஆவியும் அதன் உறிஞ்சு வாய்க்குப் போகக்கூடாது.

3. டேங்கிலிருந்து மெஷினுக்கு இடையே குறைந்தது 6 முதல் 8 மீட்டர் உலோகக் குழாய் ஓடட்டும். சுவரில் மேலும் கீழுமாக மடித்து அடித்தால் இடம் பிடிக்காது. காற்று ஆறுவதற்குத்தான் இந்த நீளம். ஒவ்வொரு கீழ் வளைவிலும் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். கிளைக் குழாயைப் பிரதானக் குழாயின் மேல்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்குங்கள். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் தண்ணீர் நேரே மெஷினுக்கு வரும்.

4. குழாய் முடியும் இடத்தில் முதலில் தண்ணீர் பிரிப்பான், அடுத்து எண்ணெய் பிடிக்கும் ஃபில்டர், அதற்கடுத்துச் சிலிக்கா ஜெல் நிரப்பிய உலர்த்தி, கடைசியில் ரெகுலேட்டர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சிலிக்கா ஜெல்லை முன்னால் வைத்தால் ஒரே நாளில் ஊறிப்போகும்.

5. காலையில் வேலை தொடங்கும் முன்னும் மதியம் ஒருமுறையும் டேங்கின் அடி வால்வை மெல்லத் திறந்து தண்ணீரை வடியுங்கள். முகத்தை விலக்கி வைத்துத் திறக்க வேண்டும்.

6. சோதனை. மெஷினுக்குள் நுழையும் ஹோஸைக் கழற்றி, ஏர் கன் மாட்டி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டின்மேல் ஒரு நிமிடம் ஊதுங்கள். பனி படிந்தாலோ துளி தெறித்தாலோ எண்ணெய்த் திட்டு தெரிந்தாலோ அன்றைக்கு வெட்டு கிடையாது. கம்ப்ரசர் குளிர்ந்திருக்கும் காலையில் செய்யும் சோதனை செல்லாது. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு செய்யுங்கள்.

எச்சரிக்கை: காற்றுக்கு பி.வி.சி. தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். மலிவு, வெட்டி ஒட்ட எளிது என்று பலரும் மாட்டுகிறார்கள். அழுத்தக் காற்று நிறைந்த பி.வி.சி. உடைந்தால் சில்லுகளாகச் சிதறும். ஜி.ஐ., செம்பு, அலுமினியம், அல்லது காற்றுக்கென்றே செய்த ரப்பர் ஹோஸ் மட்டும்.

குறிப்பு: நீல நிறச் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். 120 டிகிரியில் சூடாக்கினால் மறுபடியும் பயன்படும். நீல நிறம் வருவது கோபால்ட் உப்பினால், அது நச்சு. சமையலறைச் சட்டியில் வறுக்கக்கூடாது. ஆரஞ்சு நிறத்தில் கோபால்ட் இல்லாத வகை கிடைக்கும், அதுவே நல்லது.

மின்சாரம்

வீட்டுச் சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கில் சொருகிப் பார்ப்பது அடுத்த பொதுவான தவறு. 40 ஆம்பியரில் வெட்டும் மெஷின் டார்ச்சுக்குச் சுமார் 4 கிலோவாட் தருகிறது; இழப்பையும் சேர்த்தால் 230 வோல்ட் லைனில் 25 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அதனுடன் 2 எச்.பி. கம்ப்ரசர் 1.5 கிலோவாட், அது கிளம்பும் கணத்தில் இழுப்பது பல மடங்கு. இரண்டும் ஒரே வயரில் ஓடினால் கம்ப்ரசர் கிளம்பும்போதெல்லாம் வோல்டேஜ் சரிந்து மின்வில் அறுந்துபோகும். கற்றுக்கொள்கிறவர் அதைத் தன் கைப்பிழை என்று நினைத்து வேகத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். ஆகவே மெஷினுக்குத் தனி லைன், தனி 32 ஆம்பியர் எம்.சி.பி., குறைந்தது 4 சதுர மி.மீ. செம்பு வயர், கம்ப்ரசருக்கு வேறு லைன். மொத்தச் சுமை வீட்டு இணைப்புக்கு மிஞ்சியது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யின் செக்‌ஷன் ஆபீசில் சுமையைச் சொல்லி, தொழிலுக்குரிய இணைப்பு வாங்கிவிடுங்கள். வீட்டு மீட்டரில் ஒர்க்‌ஷாப் ஓட்டுவது சட்டப்படியும் தவறு. வயரிங் வேலையை லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்கள்.

வெல்டிங் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆர்க் வெல்டிங் மெஷினில் மின்வில் இல்லாத நேரத்து வோல்டேஜ் 80ஐ ஒட்டி இருக்கும். ஈரக் கையால் ஹோல்டரைத் தொட்டுச் சுருக்கென்று ஒரு அடி வாங்கி, கையை உதறிவிட்டு வேலையைத் தொடர்வது நம் ஒர்க்‌ஷாப்புகளில் சகஜம். பிளாஸ்மா டார்ச்சில் அது 200 முதல் 300 வோல்ட் டி.சி. இந்த அடியை உதற முடியாது. தரையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தால் வெட்டாதீர்கள். காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு போடுங்கள். நாசில், எலக்ட்ரோடு கழற்றும்போது மெஷின் சுவிட்ச் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். லைனில் எர்த் இருக்கிறதா என்று அளந்து பார்த்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல்லுங்கள். துலாவர்ஷ இடி மதியத்துக்கு மேல் தொடங்கும்; வானம் கறுத்தால் பிளக்கை எடுத்துவிடுவது மெஷினுக்கும் உங்களுக்கும் நல்லது.

உடலும் தீயும்

சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு, செருப்புக் காலோடு வெட்டக்கூடாது. இதைச் சொன்னால், பத்து வருடமாக வெல்டிங்கும் இப்படித்தானே செய்கிறோம் என்பார்கள். வெல்டிங்கில் பொறி சிதறும்; இங்கே உருகிய இரும்பைக் காற்று வேண்டுமென்றே கீழே, பாதத்தை நோக்கி, ஊதித் தள்ளுகிறது. பருத்திப் பேன்ட், முழுக்கைச் சட்டை, தோல் கையுறை, மூடிய தோல் பூட்ஸ் வேண்டும். பேன்ட் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். உள்ளே செருகினால் பொறி பூட்ஸுக்குள் இறங்கும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். பையில் லைட்டர் இருக்கக்கூடாது.

கண்ணாடி விஷயத்தில் பாதுகாப்பைக் கெடுப்பது அலட்சியம் மட்டுமல்ல, தவறான எண்ணும்தான். வெல்டிங் ஹெல்மெட்டின் 11ஆம் எண் கண்ணாடியை வைத்துப் பிளாஸ்மா வெட்டினால் கோடே தெரியாது. தெரியாதபோது மனிதர் என்ன செய்வார்? ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்ப்பார். 20 முதல் 40 ஆம்பியர் வரை 5ஆம் எண், 40 முதல் 60 வரை 6ஆம் எண், அதற்கு மேல் 8 என்பது பொதுவான அளவு. சரியான எண் இருந்தால் கண்ணாடியைக் கழற்றத் தோன்றாது. கண்ணாடியோடு முகம் முழுவதையும் மறைக்கும் கவசமும் காதுக்கு அடைப்பானும் தேவை. காற்று பாயும் சத்தம் கடுமையாக இருக்கும்.

புகையில் எல்லாம் ஒன்றல்ல. சாதாரண எம்.எஸ். தகட்டுக்கு நல்ல காற்றோட்டம் போதும். டிரஸ் வேலைக்கு வரும் ஜி.ஐ. குழாயிலும் தகட்டிலும் துத்தநாகப் பூச்சு உண்டு. அதை வெட்டும்போது எழும் வெள்ளைப் புகையை மூச்சிழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல் வலியும் வரும். மழையில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். எஸ்.எஸ். புகை அதைவிட மோசம். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. இந்த இரண்டையும் வெளியில், காற்று பக்கவாட்டில் அடிக்கும்படி நின்று, குறைந்தது எஃப்.எஃப்.பி.2 தர முகக்கவசம் அணிந்து வெட்டுங்கள். மூக்கில் கட்டும் துண்டு தூசிக்குக்கூடச் சரியான தடுப்பல்ல, இந்தப் புகைக்கு அது ஒன்றுமே செய்யாது.

தீப்பொறி 10 மீட்டர் வரை போகும் என்று கணக்கு வையுங்கள். இந்த வட்டாரத்து வளாகங்களில் அந்த எல்லைக்குள் காய்ந்த ஓலை, தேங்காய்த் தொண்டு, சிரட்டை, உலர்த்தப் போட்ட ரப்பர் ஷீட், பிளாஸ்டிக் தார்ப்பாய் இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். எல்லாவற்றையும் அகற்றுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் உலர்பொடித் தீயணைப்பானும் வையுங்கள். வேலை முடிந்தவுடன் பூட்டிவிட்டுப் போகாமல் குறைந்தது அரை மணி நேரம் இடத்தைக் கவனியுங்கள். மூடிய டிரம், எண்ணெய்ப் பீப்பாய், பெட்ரோல் டேங்க் எதையும், கழுவியிருந்தாலும், வெட்டாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும்.

இரண்டாம் நாள்: முதல் வெட்டு

3 மி.மீ. கனமுள்ள, துரு இல்லாத எம்.எஸ். தகட்டுத் துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே வாடிக்கையாளரின் கேட்டில் கைவைக்க வேண்டாம்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் முனையைத் திறங்கள். எலக்ட்ரோடு நுனிக் குழி 1.5 மி.மீ. ஆழத்தைத் தாண்டியிருந்தாலோ நாசில் துளை வட்டமாக இல்லாவிட்டாலோ இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சுழல் வளையம், எலக்ட்ரோடு, நாசில், மூடி என்ற வரிசையில் பொருத்திக் கையால் மட்டும் இறுக்குங்கள், ஸ்பேனர் வேண்டாம்.

2. எர்த் கிளாம்பைத் தகட்டிலேயே மாட்டுங்கள். மேசைக் காலில் மாட்டினால் போதும் என்பது வெல்டிங் பழக்கம். பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, வெட்டிய பின் கீழே விழப்போகும் துண்டில் இல்லாமல் நிலைத்திருக்கும் பக்கத்தில் கவ்வுங்கள்.

3. தகட்டின் அடியில் அரை அடியாவது வெற்றிடம் இருக்கட்டும். சிமென்ட் தரைமேல் வைத்து வெட்டினால் சிமென்ட் வெடித்துத் தெறிக்கும்.

4. காற்றைத் திறந்து, காற்று ஓடும் நிலையிலேயே ரெகுலேட்டரைச் சரிசெய்யுங்கள். ஓடாதபோது காட்டும் 5 பார், ஓடும்போது 4க்கு இறங்கிவிடும்.

5. தகட்டின் விளிம்பில் டார்ச்சை நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். உரசி வெட்டும் வகை நாசில் என்றால் தகட்டில் தொட்டும், மற்றதற்கு 2 முதல் 3 மி.மீ. உயரத்திலும் பிடிக்க வேண்டும். கம்பிக் காலோ உருளையோ துணைக்கு வாங்கி மாட்டினால் உயரம் தானாக நிற்கும்.

6. பொத்தானை அழுத்துங்கள். அடிப்பக்கம் வரை துளைத்துப் பொறி கீழே கொட்டுவதைப் பார்த்த பிறகே நகருங்கள். தொடக்கக்காரர்கள் இந்த ஒரு கணத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

7. இரும்புப் பட்டையைக் கிளாம்ப் செய்து அதன் ஓரமாக டார்ச்சை இழுங்கள். தள்ளுவதைவிட இழுப்பது கைக்கு எளிது. வெறும் கையால் நேர்கோடு போட்டுத் திறமையைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை.

8. அடியில் கொட்டும் பொறி, நகரும் திசைக்கு எதிராக 15 முதல் 20 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்தால் வேகம் சரி. நேராக விழுந்தால் மெதுவாகப் போகிறீர்கள். மேலே தெறித்தால் வெட்டு துளைக்கவில்லை, வேகத்தைக் குறையுங்கள்.

9. முடிவில் பொத்தானை விட்டபின் சில விநாடி காற்று ஓடிக்கொண்டிருக்கும். அது டார்ச்சைக் குளிர்விக்கும் காற்று. அது நிற்கும்வரை மெஷினையும் கம்ப்ரசரையும் அணைக்காதீர்கள்.

விளிம்பில் தொடங்கும் வெட்டு கைவந்த பிறகு, தகட்டின் நடுவே துளைத்துத் தொடங்கப் பழகுங்கள். டார்ச்சை 30 முதல் 45 டிகிரி சாய்த்து, பொறி உங்களை விட்டு விலகிப் போகும்படி வைத்து அழுத்தி, துளை விழ விழ மெல்ல நிமிர்த்துங்கள். நேராக நிறுத்தி அழுத்தினால் உருகிய இரும்பு நாசிலுக்கே திரும்பி வரும். ஒரே துளையில் புது நாசில் போய்விடும். மெஷின் 12 மி.மீ. வெட்டும் என்று எழுதியிருந்தால் அது விளிம்பிலிருந்து தொடங்கும் வெட்டுக்குத்தான். நடுவில் துளைக்க அதில் பாதி கனமே எல்லை.

தகட்டைப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிப்பது

வெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கசடே முதல் சாட்சி. தடித்த, குமிழ் குமிழான, சுத்தியலால் தட்டினால் உதிரும் கசடு என்றால் வேகம் குறைவு. மெல்லிய கோடாக, கிரைண்டர் வைத்தாலும் போக மறுக்கும் கசடு என்றால் வேகம் அதிகம். வெட்டுமுகம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் டார்ச் சாய்ந்திருக்கிறது அல்லது நாசில் துளை ஓவலாகிவிட்டது. புது நாசில் போட்டும் சாய்வு நீடித்தால் பிழை கையில்தான். தகடு கனமாக இல்லாதபோதும் அடிவரை துளைக்கவில்லை என்றால் கிளாம்பைப் பாருங்கள், பிறகு வோல்டேஜைப் பாருங்கள்.

ஈரக்காற்றின் அடையாளங்கள் தனி. மின்வில் படபடவென்று துப்பும். நெருப்பில் பச்சை நிறம் தட்டும், அது எலக்ட்ரோடின் செம்பு எரியும் நிறம். காலையில் மாட்டிய நாசில் மதியத்துக்குள் கரித்திட்டோடு அரித்துப்போயிருக்கும். இவற்றைப் பார்த்தும் இன்னொரு நாசிலை மாட்டி வெட்டிக்கொண்டே போவதுதான் பெரிய செலவு. சின்ன டார்ச்சின் நாசிலும் எலக்ட்ரோடும் விலை குறைந்தவைதானே, மாதம் ஒரு பெட்டி போனால் போகட்டும், உலர்த்தி எதற்கு என்று ஒரு வாதம் உண்டு. கணக்கு அங்கே முடிவதில்லை. தண்ணீர் டார்ச் தலைக்குள் இருக்கும்போது மின்வில் உள்ளேயே தாவி டார்ச் தலையைக் கருக்கும். டார்ச் முழுதும் மாற்றினால் உலர்த்தி, ஃபில்டர், குழாய் மூன்றுக்குமான பணம் ஒரே நாளில் போய்விடும். அரைகுறையாக வெட்டிய விளிம்பைக் கிரைண்டரால் சரிசெய்யும் கூலியும் இருக்கிறது.

குறிப்பு: காற்றில் சும்மா பொத்தானை அழுத்தி நெருப்பு வருகிறதா என்று பார்க்காதீர்கள். நாசிலும் எலக்ட்ரோடும் அதிகம் தேய்வது அப்போதுதான். பைலட் ஆர்க் (தகட்டைத் தொடாமலே கிளம்பும் தொடக்க மின்வில்) இல்லாத மலிவு மெஷினில் நாசிலைத் தகட்டில் தேய்த்தே தொடங்க வேண்டும். துருப்பிடித்த கிரில்லிலும் வலைத்தகட்டிலும் அது பாடாய்ப் படுத்தும். வாங்கும்போதே பைலட் ஆர்க் உண்டா என்று கேளுங்கள்.

குறிப்பு: ‘60 சதவீத டியூட்டி சைக்கிள்’ என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடம் வெட்டலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே உச்சி வெயிலில் அந்த 6 நிமிடத்தையும் முழுதாக எடுக்காதீர்கள்.

எந்த வேலைக்கு இது, எதற்கு வேண்டாம்

கேஸ் கட்டிங்கில் கை பழகியவர், இத்தனை குழாயும் ஜெல்லும் வயரும் போட்டு ஒரு தகட்டை வெட்டுவானேன் என்று கேட்பது நியாயமான கேள்வி. அவரிடம் வரும் வேலை கனமான எம்.எஸ். தகடு மட்டும் என்றால் அவர் மாற வேண்டியதில்லை. நேராக அறுக்கும் சதுரக் குழாய்க்கும் பிளாஸ்மா தேவையில்லை. கட்டிங் மெஷின் அதைச் சுத்தமாகவும் மலிவாகவும் செய்யும். கேட்டில் வளைவு டிசைன், எஸ்.எஸ். தகட்டில் துளை, 1.5 முதல் 6 மி.மீ. வரையான தகட்டில் சூட்டால் நெளியாத வெட்டு, பழைய கிரில்லைப் பெயின்டோடு பிரித்தெடுப்பது: பிளாஸ்மா தன் விலையைத் திருப்பித் தருவது இந்த வேலைகளில். அவை வாரத்தில் ஓரிரு முறைகூட உங்களிடம் வரவில்லை என்றால் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவானால், பணத்தைப் பிரிக்கும்போது 40 ஆம்பியர் மெஷினோடு திருப்தியடைந்து, மிச்சத்தைக் கம்ப்ரசருக்கும் உலர்த்திக்கும் ஒதுக்குங்கள். 60 ஆம்பியர் மெஷினை வாங்கிவிட்டு 1 எச்.பி. கம்ப்ரசரில் ஓட்டுவது வீண். அடிப்படை வெல்டிங் பாதுகாப்பே புதிது என்பவர்கள் பக்கத்திலுள்ள தனுவச்சபுரம் அரசு ஐ.டி.ஐ.யில் குறுகியகாலப் பயிற்சி ஏதேனும் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். தொழிலை ஆழமாகப் படிக்க நினைப்பவர்களுக்குத் திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 20, 25 மி.மீ. தகட்டு வேலை வந்தால் கேஸ் கட்டிங் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிடுங்கள்; 40 ஆம்பியர் மெஷினை அதில் வதைக்க வேண்டாம்.